ரிச்சி தெருவில் ஒரு பென் டிரைவ்!

அண்ணா சாலையில் அறிஞர் அண்ணா எந்தப் பக்கம் விரல் நீட்டினாலும் சரி, இன்ஜினீயரிங் படிக்கிற ஜென்மங்களுக்குக் கால் தானாகத் திரும்புவது ரிச்சி தெருப் பக்கம்தான். அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, சிந்தாதிரிப்பேட்டையை நோக்கி நடந்தால் போதும். அட்ரஸ் கேட்கவே வேண்டாம். சந்துக்கு வெளியிலேயே நாலு பேர் நின்று, ''என்னா மேடம் வேணும்? லேப்டாப்பா, சிசிடிவியா, டெம்பர் கிளாஸா?'' என்று நம்மை வரவேற்று உள்ளே அனுப்பி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். பெரும்பாலான கடைகளில் ஷட்டர்தான் தரிசனம் தரும்!

ரிச்சி தெரு என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு தெரு இல்லை மக்களே. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றியிருக்கிற எல்லாம் சேர்ந்துதான் இந்த மார்க்கெட். மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டை. படப் பெட்டி போன சந்தில் இப்போது ஹார்டு டிஸ்க் பெட்டி போகிறது. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் இதுதான் என்று இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆரம்பத்தில் ரேடியோ பார்ட்ஸ் விற்ற இடம். அப்புறம் டி.வி., டேப் ரெக்கார்டர், அதற்கப்புறம் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்று காலத்துக்கு ஏற்ற மாதிரி சட்டையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

காலை பதினோரு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டி ஏற்றிப் போக வேண்டிய மீன்பாடி வண்டியில் இருபது மானிட்டர் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மாடிப்படிக்கு அடியில் ஒருத்தர் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மதர்போர்டில் சால்டரிங் பண்ணிக்கொண்டிருப்பார். பக்கத்துக் கடையில் ஃபைனல் இயர் பசங்க கும்பலாக நின்று, ''அண்ணே, லைன் ஃபாலோயர் ரோபோ ரெடிமேடா இருக்கா? ரிப்போர்ட்டும் சேர்த்துக் கொடுப்பீங்களா?'' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். (எங்கள் ஹெச்.ஓ.டி. இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்!)

இந்தத் தடவை நான் போனது ரோபோ வாங்க இல்லை. என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு லேப்டாப் வாங்க. அவளுக்குப் போளூர் பக்கம் ஒரு கிராமம். மூன்று செமஸ்டரையும் காலேஜ் லேபிலும், ராத்திரி பத்து மணிக்கு மேல் என் லேப்டாப்பிலும் ஓட்டிவிட்டாள். இந்த செமஸ்டரில் ப்ராஜெக்ட் வந்துவிட்டது. அவள் அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் லோன் போட்டு 15,000 ரூபாய் அனுப்பியிருந்தார். வாரா வாரம் கட்ட வேண்டிய லோன். ''வாங்குற பொருள் ரெண்டு வருஷமாவது ஓடணும்டி... இல்லேன்னா அம்மா மூஞ்சியில முழிக்க முடியாது'' என்று மெட்ரோவில் வரும்போதே நாலு தடவை சொல்லிவிட்டாள்.

15,000 ரூபாய்க்குப் புது லேப்டாப்பில் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. செகண்ட் ஹேண்ட்தான். ரிச்சி தெருவில் அதற்குப் பஞ்சமே இல்லை. பெரிய ஆபீஸ்களில் மூன்று, நான்கு வருஷம் லீஸுக்கு ஓடிய லேப்டாப்கள் மொத்த மொத்தமாகக் கழித்துவிடப்பட்டு இங்கே வந்து குவியும். மூடியில் பழைய ஆபீஸின் அசெட் நம்பர் ஸ்டிக்கர் பாதி கிழிந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒரு விஷயம்... விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துகொண்டிருந்த இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற வேண்டும் என்றால், இன்டெல் பிராசஸர் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதனால் ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஐ5 மெஷின்கள் நம் பட்ஜெட்டுக்கு இறங்கி வந்து நிற்கின்றன. மெஷின் கல்லு மாதிரி இருக்கிறது, விண்டோஸுக்குத்தான் அது வேண்டாதவர் ஆகிவிட்டது! ''அதெல்லாம் லெவன் ஏத்திக் குடுத்துடுவோம் மேடம்'' என்று கண்ணடிக்கிற கடைக்காரர்கள் உண்டு. எங்களுக்கு அது வேண்டாம். லினக்ஸ் போடுவது என்று முடிவு பண்ணித்தான் போனோம்.

லினக்ஸ் என்றதும் வழக்கமாக ஒரு பயம் வரும். வைஃபை வேலை செய்யுமா, சவுண்டு வருமா, கேமரா தெரியுமா? பயம் நியாயமானதுதான். ஒரே மாடல் பெயரில் விற்ற லேப்டாப்களுக்குள்ளேயே ஒரு பேட்ச்சில் ஒரு கம்பெனி வைஃபை கார்டும், அடுத்த பேட்ச்சில் வேறு கம்பெனி கார்டும் இருக்கும். மூடியில் இருக்கிற பெயரை நம்பி வாங்க முடியாது. உள்ளே இருக்கிற நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

அது என்ன நம்பர்? கம்ப்யூட்டருக்குள் பிசிஐ வழியாகப் பேசுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு அடையாள எண்கள் உண்டு. முதல் எண் தயாரித்த கம்பெனி, இரண்டாவது எண் அந்தப் பொருள். ஏஎம்டிக்கு 1022. வயா கம்பெனிக்கு 1106. இன்டெல்லுக்கு என்ன தெரியுமா? 8086! ஆமாம் பாஸ், மைக்ரோபிராசஸர் பேப்பரில் நம் உயிரை வாங்குகிற அதே 8086-தான். இந்த எண்களுக்கெல்லாம் பெயர் எழுதி வைத்திருக்கிற பட்டியலை செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் மரேஷ் ஆரம்பித்தார். இன்றைக்கு வரை தன்னார்வலர்கள்தான் அதைப் பராமரிக்கிறார்கள். லினக்ஸில் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் அழகாகத் திரையில் வருகிறதே, அது கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கேயோ ஒரு ஆள் தன் வீட்டு கம்ப்யூட்டரைப் பார்த்து அனுப்பி வைத்ததாகவும் இருக்கலாம்.

எண் தெரிந்தால் மட்டும் போதாதே, அது வேலை செய்யுமா என்று தெரிய வேண்டுமே... அதற்குத்தான் லினக்ஸ்-ஹார்ட்வேர் டாட் ஆர்க் என்ற டேட்டாபேஸ். ஆந்த்ரே பொனமரென்கோ என்ற ரஷ்ய புரோகிராமர் எழுதிய எச்.டபிள்யூ-ப்ரோப் என்ற சின்ன டூல் இதற்கு அடிப்படை. உபுன்டுவிலோ டெபியனிலோ அதை இன்ஸ்டால் பண்ணி, ஒரே ஒரு வரி கமாண்ட் தட்டினால், மெஷினுக்குள் இருக்கிற எல்லாவற்றையும் கணக்கெடுத்து டேட்டாபேஸுக்கு அனுப்பிவிடும். நமக்கு ஒரு லிங்க் கிடைக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரு நிலை எழுதியிருக்கும். ஒர்க்ஸ், டிடெக்டட், லிமிடெட், ஃபெயில்டு... இப்படி. அதே பாகத்தை உலகத்தில் வேறு யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஓடியதா என்பதையும் பார்க்கலாம்.

இந்த மாதிரி முயற்சி இதுதான் முதல் என்றில்லை. ஃபெடோரா லினக்ஸ்காரர்கள் 2007-ல் ஸ்மோல்ட் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஆட்களும் அனுப்பினார்கள். 2012-ல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் டேட்டாபேஸும் பூட்டிய கடைதான்.

என் முதல் ப்ரோப், அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். நம் சி-டாக் நிறுவனத்தின் தயாரிப்பு. அக்கா காலேஜ் முடிக்கிற வரைக்கும் அந்த பாஸை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. ஒரு மாடல் நம் ஊரில் மட்டும் விற்றிருந்தால், அதைப் பற்றிய விவரம் ஜெர்மனியிலிருந்தா வரும்? நாம் அனுப்பினால்தான் உண்டு. அப்படித்தான் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

சரி, ரிச்சி தெருவுக்கு வருவோம். என் பையில் ஒரு பென் டிரைவ். அதில் இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுகிற உபுன்டு. ப்ரோப் டூலையும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன். கூடவே ஒரு டேட்டா கேபிள். மெஷினில் வைஃபை வராவிட்டால் மொபைலை கேபிளில் மாட்டி நெட் எடுத்துக்கொள்ளலாம். வைஃபை வேலை செய்யவில்லை என்ற செய்தியை அனுப்பவே நெட் வேண்டும் அல்லவா!

முதல் கடையில் பென் டிரைவை எடுத்ததுமே அண்ணாச்சி அலறிவிட்டார். ''ஏம்மா, வைரஸ் கிரஸ் ஏத்திறப் போறே... அதெல்லாம் குத்தக் கூடாது. வேணும்னா வாங்கு, இல்லேன்னா நடையைக் கட்டு!'' அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் கடை, அவர் மெஷின். இரண்டாவது கடையில் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. மூன்றாவது, ஒரு மாடிக் கடை. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டு. உள்ளே தரையிலிருந்து சீலிங் வரை லேப்டாப், செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்கார பாய் முழுசாகக் காது கொடுத்துக் கேட்டார். ''ஹார்டு டிஸ்க்ல இருக்கிறது எதையும் தொடாதுல்ல?'' என்றார். தொடாது. ''சீரியல் நம்பர் எல்லாம் வெளியே போகுமா?'' நல்ல கேள்வி! போகாது. சீரியல் நம்பர், மேக் அட்ரஸ் எல்லாவற்றையும் அந்த டூல் திருப்பிப் படிக்க முடியாதபடி ஹேஷ் ஆக மாற்றித்தான் அனுப்பும், யூஸர் பெயரும் போகாது என்று விளக்கினேன். ''அப்போ பாரும்மா. ஆனா கஸ்டமர் வந்தா எந்திரிச்சு இடம் விட்ரணும்'' என்றார். டீல்!

முதலில் ஒரு சில்வர் கலர் ஸ்லிம் லேப்டாப். ரூம்மேட் வந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். விலை 13,500. கம்பெனி பெயர் வேண்டாமே! உபுன்டு ஜம்மென்று வந்தது. வைஃபை ஐகானை மட்டும் காணோம். மொபைலை மாட்டி ப்ரோப் அனுப்பினோம். வைஃபை கார்டுக்கு எதிரே ஃபெயில்டு. அதே எண்ணுள்ள கார்டை வைத்திருக்கிற மற்றவர்களின் பதிவுகளைப் பார்த்தால், அங்கேயும் வரிசையாக அதே கதை. பாய் அசரவில்லை. ''கார்டு மாத்திக்கலாம்மா, கீழ கடையிலயே கெடைக்கும்'' என்றார். உண்மைதான். ஆனால் சில லேப்டாப்களின் பயாஸ், கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாமல் அடம் பிடிக்கும். லோன் பணத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று மூடி வைத்தோம். ரூம்மேட் முகத்தைப் பார்க்கணுமே... ஜவுளிக் கடையில் பிடித்த சுடிதாரின் சைஸ் இல்லை என்று சொன்ன மாதிரி!

அடுத்தது ஒரு ஆபீஸ் லேப்டாப். பென் டிரைவிலிருந்து பூட் பண்ணப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. பழைய ஆபீஸ்காரர்கள் பூட்டிவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ''ஆன் ஆகுதுல்ல, அப்புறம் என்ன?'' என்றார் கடைப் பையன். நாளைக்கு வேறு ஓ.எஸ். போடவே முடியாமல் போகும் தம்பி என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனோம். செகண்ட் ஹேண்ட் வாங்குகிற எல்லாருக்கும் சொல்கிறேன், லினக்ஸ் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, பயாஸுக்குள் போய் வர முடிகிறதா என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, தடித் தடியாக ஒரு கறுப்பு மெஷின். 14 இன்ச், ஐந்தாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம். 14,500 சொன்னார். அழகு என்று எதுவும் கிடையாது. செங்கல்லுக்குக் கீபோர்டு வைத்த மாதிரி இருந்தது. ப்ரோப் அனுப்பினோம். கிராஃபிக்ஸ் 8086, 1616... இன்டெல் எச்.டி. 5500, ஓகே. வைஃபை ஓகே. கேமரா தெரிகிறது. ஃபிங்கர்பிரின்ட் ரீடர் மட்டும் ஃபெயில்டு. லினக்ஸில் ரேகை பார்க்கிற பல ரீடர்களுக்கு டிரைவரே கிடையாது, அது பழைய கதை. ''எனக்கு பாஸ்வேர்டு அடிக்கத் தெரியும்'' என்றாள் ரூம்மேட்.

இந்த இடத்தில்தான் இந்த டூலின் இன்னொரு உபயோகம் தெரிந்தது. கணக்கெடுக்கும்போது ஹார்டு டிஸ்க், பேட்டரி இரண்டின் ஜாதகத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. டிஸ்க் மொத்தம் ஓடியது 9,412 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 1,176 வேலை நாள். ஃபார்மேட் பண்ணினாலும் இந்த எண் அழியாது. (டிஸ்க்கையே மாற்றியிருந்தால் மெஷினின் வயசு தெரியாது. அது தனி.) பேட்டரி புதுசாக இருந்தபோது 48 வாட் ஹவர், இப்போது முழுசாக சார்ஜ் ஏறினாலும் 29. அதாவது அறுபது சதவிகிதம். ''பேட்டரி சூப்பரா நிக்கும்மா, மூணு மணி நேரம்'' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த பாய், திரையில் எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ''நாப்பது வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். மெஷினே கஸ்டமர்கிட்ட வாக்குமூலம் குடுக்குறது இப்பத்தான் பாக்குறேன்!''

ஆனால் டூல் சொல்வதோடு வேலை முடியாது. சவுண்டு கார்டுக்கு எதிரே டிடெக்டட் என்றுதான் இருந்தது. ஆள் வீட்டில் இருக்கிறார், டிரைவரும் இருக்கிறார், கதவைத் திறப்பாரா என்பது இன்னும் தெரியாது என்று அர்த்தம். அதைக் காதால் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். பாட்டுப் போட்டோம், இரண்டு ஸ்பீக்கரும் பாடின. உள் மைக்கில் ரூம்மேட் தன் ரோல் நம்பரைச் சொல்லிப் பதிவு பண்ணினாள், தெளிவாக இருந்தது. மூடியை மூடித் தூங்க வைத்துத் திறந்தோம், எழுந்துகொண்டது. ஹெட்போனை மாட்டினால் பாட்டு வருகிறது, ஆனால் ஹெட்போனின் மைக் வேலை செய்யவில்லை. ஆன்லைன் இன்டர்வியூவுக்கு அது வேண்டுமே என்று ரூம்மேட் யோசித்தாள். தெருமுனையில் யூஎஸ்பி ஹெட்செட் 350 ரூபாய் என்று கடைப் பையன் சொன்னான். பேட்டரியையும் ஹெட்போன் மைக்கையும் காட்டி அவள் பேரம் பேசிய அழகு இருக்கிறதே... போளூர் சந்தை தோற்றது! 14,500-ல் ஆரம்பித்தது 13,200-ல் முடிந்தது.

ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்தோம். நாம் அனுப்பிய ப்ரோப்பின் பக்கத்திலேயே ரிவ்யூ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பாகத்தின் நிலையையும் நாமே திருத்தலாம், குறிப்பும் எழுதலாம். அந்த மாடலுக்கு ஏற்கெனவே சில பதிவுகள் இருந்தன. ஆனால் மூடியைத் திறந்தால் எழுந்திருக்குமா, ஹெட்போன் மைக் ஓடுமா என்று யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ரூம்மேட்டே உட்கார்ந்து தட்டினாள். ஸ்பீக்கர், உள் மைக், ஒர்க்ஸ். தூங்கி எழுதல், பிரச்னை இல்லை. ஹெட்போன் மைக், லிமிடெட். ''கிராமர் மிஸ்டேக் இருந்தா சிரிப்பாங்களாடி?'' என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஆவலாகப் படிக்கப் போகிறவர் பிரேஸிலிலோ பொள்ளாச்சியிலோ இதே மாதிரி பர்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளாக இருப்பார், அவருக்கு கிராமரா முக்கியம் என்றேன். அவள் அம்மாவிடமிருந்து போன். லேப்டாப்பை வீடியோ காலில் காட்டச் சொன்னார். சுற்றிச் சுற்றிக் காட்டியதும், ''இவ்ளோ தடியா இருக்கே, நல்லா உழைக்கும்'' என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்.

போன சனிக்கிழமை அந்த ஹெட்செட் வாங்க மறுபடியும் ரிச்சி தெரு போனோம். மாடியிலிருந்து பாய் கையைத் தட்டிக் கூப்பிட்டார். ''லினக்ஸ் பாப்பா! மேல வாங்க.'' போனால் தரையில் எட்டு லேப்டாப் வரிசையாகத் திறந்து வைத்திருந்தார். எல்லாம் புது லாட். ''உங்க காலேஜ் பசங்க ரெண்டு பேரு வந்து லினக்ஸ் ஓடுமான்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? எல்லாத்துலயும் அதைக் குத்திப் பாத்து, ஓடுறது எதுன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க. டீ நம்மளுது.''

எட்டில் இரண்டு, பூட்டிய பயாஸ். ஒன்று ஆன் ஆகவே இல்லை. மிச்சம் ஐந்தையும் அனுப்பிவிட்டோம். அதில் நாலுக்குப் பச்சை ஸ்டிக்கர். ஐந்தாவதில் வைஃபை டிடெக்டட் என்று நிற்கிறது, ஆனால் நெட்வொர்க் பிடிக்க மாட்டேன் என்கிறது. அதற்குள் கஸ்டமர் வந்துவிட்டார். எழுந்து இடம் விட்டோம்.